உடலுக்குள் உலோகம் – 9: நீலக்கல் தோற்ற இடம்

இதுவரை: 1952-இல் வாஷிங்டன் மருத்துவர் சார்லஸ் ஹஃப்நேகல், ஒரு குழாய்க்குள் பந்தை அடைத்து மனித உடலில் முதல் செயற்கை வால்வைப் பொருத்தினார். 1960-இல் ஆல்பர்ட் ஸ்டாரும் லோவெல் எட்வர்ட்ஸும் வால்வை இதயத்துக்குள்ளேயே கொண்டுபோனார்கள். பிறகு, அணு உலை எரிபொருள் மணிகளுக்குப் போர்த்தும் கரிப் பூச்சைக் கையாண்ட ஜாக் போக்ரோஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், அதே பூச்சை வால்வுக்கும் கொண்டுவந்தார். பைரோலிடிக் கார்பன் என்ற அந்தப் பூச்சு தேயவில்லை, இரத்தத்தை எளிதில் உறைய விடவுமில்லை.

ஆனால் அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவில் இல்லை. அது இல்லாமலே இங்கே ஒரு வால்வு செய்ய முடியுமா என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

• • •

1970-களின் இறுதி. திருவனந்தபுரம்.

திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், எம்.எஸ். வலியத்தான் என்ற இதய அறுவை மருத்துவர் வேலை பார்க்கிறார். மாவேலிக்கரையில் 1934-இல் பிறந்தவர். அமெரிக்காவில் அவர் பயிற்சி பெற்றது சாட்சாத் அதே ஹஃப்நேகலிடம். முதல் வால்வைப் பொருத்திய கைகளுக்கு அருகில் நின்று கற்றுக்கொண்டவர் ஊர் திரும்பியிருந்தார்.

அவர் முன்னால் வந்து படுத்தவர்கள் முதியவர்கள் அல்லர். பள்ளிப் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமான பெண்கள், கூலி வேலைக்குப் போகும் இளைஞர்கள். சிறு வயதில் வந்த தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கம், காய்ச்சல். வீட்டில் மறந்தே போயிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி கிளப்பிவிட்ட எதிர்ப்புச் சக்தி, கிருமியை விட்டுவிட்டு இதய வால்வையே தின்றிருக்கும். வாதக் காய்ச்சல் இதய நோய் என்பது இதுதான். நெருக்கமான வீடுகளிலும் மருந்து எட்டாத குடும்பங்களிலும் வேர்விடும் நோய் இது.

வால்வை மாற்றினால் பிழைப்பார்கள். வால்வு கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். அறுவை செய்யக் கை இருந்தது. கையில் வைக்க வால்வு இல்லை.

நாமே செய்வோம் என்று வலியத்தான் முடிவெடுத்தார். மருத்துவமனையின் அங்கமாக ஒரு பொறியியல் பிரிவு எழுந்தது. பூஜப்புரையில் இருக்கும் சாட்டல்மண்ட் அரண்மனையில் கடைசல் இயந்திரங்களும் சோதனைக் கருவிகளும் நுழைந்தன. ஜி.எஸ். புவனேஸ்வர் முதலான பொறியாளர்கள் வந்து சேர்ந்தார்கள். 1980-இல் நாடாளுமன்றச் சட்டம் அந்த மருத்துவ நிலையத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

• • •

அவர்கள் தேர்ந்தெடுத்த வடிவம் எளிமையானது. ஓர் உலோக வளையம். அதிலிருந்து உள்நோக்கி நீளும் இரண்டு கம்பிகள். அவற்றுக்கிடையே சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டு. வளையத்தைச் சுற்றி இதயத் தசையோடு வைத்துத் தைப்பதற்குப் பாலியஸ்டர் துணி.

அந்தத் துணியைப் பற்றித் திருப்பூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். உடலுக்குள் பாலியஸ்டர் நுழைந்த வரலாற்றில் பின்னலாடைத் தொழிலுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1950-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி தன் வீட்டுத் தையல் மெஷினில் டாக்ரான் என்ற பாலியஸ்டர் துணியைக் குழாயாகத் தைத்து இரத்தக் குழாய்க்கு மாற்றாக வைத்தார். தையல் இல்லாத குழாய் வேண்டும் என்று வந்தபோது, பிலடெல்பியா ஜவுளிக் கல்லூரியின் தாமஸ் எட்மன்தான் அதைப் பின்னுவதற்கு மெஷினை உருவாக்கிக் கொடுத்தார். துணியோடு உடல் சமாதானமாகிவிட்டது. நூலிடுக்குகளில் திசு வளர்ந்து பிடித்துக்கொண்டது.

சிக்கல் துணியில் இல்லை. தட்டும் கம்பியும் உரசும் இடத்தில் இருந்தது.

நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு நாளைக்கு 1,03,680 முறை. ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி முறை. 20 வயதுப் பெண்ணுக்கு வைக்கும் வால்வு 40 ஆண்டுகள் உழைக்க வேண்டுமானால் 150 கோடி முறை திறந்து மூட வேண்டும். இடையில் எண்ணெய் விட முடியாது. கழற்றிப் பார்க்க முடியாது.

எந்த உலோகம்? எந்தத் தட்டு?

• • •

உலோகத்துக்கு டைட்டானியம். இலேசானது, துருப்பிடிக்காது, உடல் அதை வெறுப்பதில்லை. அதன் கனிமம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கேரளத்துச் சவறா மணலிலும் கிடக்கிறது.

தட்டுக்கு அவர்கள் எடுத்தது நீலக்கல். நகைக்கடைக் கல் அல்ல. ஆலையில் ஒற்றைப் படிகமாக வளர்த்த அலுமினியம் ஆக்சைடு. வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்க கடினம். பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தின் முகத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருக்கும், நினைவிருக்கிறதா? அந்த ஜுவல்கள் இதே அலுமினியம் ஆக்சைடுதான். சக்கரங்களின் அச்சுமுனை ஆண்டுக்கணக்கில் அதில் சுழன்றும் தேயாது.

திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவரைக் கேட்டிருந்தாலும் நீலக்கல்லுக்கே ஓட்டுப் போட்டிருப்பார். கோனிலிருந்து இறங்கும் நூல் வழிநெடுகச் செராமிக் ஐலெட்டுகளுக்குள் நுழைந்துதான் ஊசிக்கு வருகிறது. அங்கே வெறும் இரும்பை வைத்தால் மென்மையான நூலே நாளடைவில் இரும்பை அறுத்துக் கோடு போட்டுவிடும். கோட்டில் சிக்கிய நூல் அறுந்தால் துணியில் ஓட்டை. அதனால்தான் அங்கே செராமிக். நூலுக்கு அது அசைந்து கொடுக்காது.

ஆகவே நீலக்கல் தட்டு, டைட்டானியம் சட்டம். காகிதத்தில் இதைவிட நல்ல ஜோடி இல்லை.

• • •

சோதனைக் கருவியில் வால்வைப் பொருத்தினார்கள். இதயத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் திறந்து மூடி, ஆண்டுக்கணக்கான உழைப்பைச் சில மாதங்களில் வாங்கிவிடும் கருவி அது.

நீலக்கல் ஜெயித்தது.

தேய்ந்தது டைட்டானியம்.

ஏன் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தத் தொடரின் பாதிக் கதை இந்த ஒரு காரணத்தில் அடங்கியிருக்கிறது. டைட்டானியத்தை உடல் ஏற்பதற்குக் காரணம், காற்றுப் பட்டதுமே அதன்மேல் தானாகப் படரும் ஆக்சைடுப் படலம். சில நானோமீட்டர் கனம்தான். சும்மா இருக்கும்வரை அது அருமையான காவல். உரசினால் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பச்சை உலோகம் வெளியே வருகிறது, எதிர்ப்பட்டதில் ஒட்டி இழுபடுகிறது, பிய்ந்து துகளாகிறது. புதுப் படலம் படர்கிறது, அடுத்த துடிப்பில் அதுவும் கிழிகிறது. பிய்ந்த ஆக்சைடுத் துகளே உப்புத்தாள் மாதிரி நடுவில் நின்று மேலும் அரைக்கிறது. எதிரே இருப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு மோசம். நீலக்கல் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காததால் தேய்மானம் முழுவதும் உலோகத்தின் தலையில் விழுந்தது.

நிட்டிங் மெஷினில் ஜெயித்த அதே பண்பு இங்கே தோற்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஐலெட்டை உரசும் நூல் ஒருமுறை உரசிவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த நொடி வருவது புது நூல். வால்வில் அதே கம்பி, அதே இடம், 150 கோடி முறை. போய்விடுவதற்கு அதற்கு வேறு இடமில்லை. கடினமான பொருளைத் தேடுவது பாதி வேலைதான். அது யாரோடு ஆயுள் முழுக்க உரசப்போகிறது என்பதே மீதி.

• • •

தோல்வி அது ஒன்றோடு நிற்கவில்லை. வெல்டிங் வைத்து இணைத்த சட்டம், வெல்டிங் வைத்த இடத்திலேயே பலவீனப்பட்டு உடைந்தது.

அந்த உடைவின் கொடுமையை உலகம் அப்போது வேறொரு வால்வில் கண்டுகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஷைலி நிறுவனம் 1979-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவி-குழிவு வடிவ பியார்க்–ஷைலி வால்வு, உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்கு வைக்கப்பட்டது. பற்றவைத்த கம்பி சிலருக்குள் உடைந்தது. உடைந்தால் தட்டு நழுவி இரத்தத்தோடு போய்விடும். பிழைத்தவர்கள் குறைவு. 1986-இல் விற்பனை நின்றது. வைத்தவர்களுக்குள் அது துடித்துக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு துடிப்பும் பயம்.

திருவனந்தபுரத்தில் உடைந்தது மனித உடலுக்குள் போவதற்கு முன்னால் உடைந்தது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தியாவால் இது ஆகுமா என்ற சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது. ‘தேய்மானம் கொஞ்சம்தானே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். அவர்கள் போடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாதிரிகளைத் தாங்களே தள்ளினார்கள். என் கணக்கில் இந்த வால்வின் மிகப் பெரிய சாதனை அந்த மூன்று மறுப்புகள்தான்.

• • •

நான்காவது மாதிரியில் எண்ணமே தலைகீழாகியது.

தட்டை மென்மையாக்கினார்கள். நீலக்கல்லுக்குப் பதிலாக மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். இங்கிலாந்தில் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி 1962 முதல் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்குப் பயன்படுத்திய அதே பிளாஸ்டிக். சட்டத்தைக் கடினமாக்கினார்கள். டைட்டானியத்துக்குப் பதிலாக ஹேன்ஸ்-25: கோபால்ட், குரோமியம், டங்ஸ்டன், நிக்கல் கலந்த உலோகம். ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்த சட்டம். வெல்டிங் எங்குமே இல்லை. தட்டு திறந்து மூடும்போதே மெல்லச் சுழலவும் செய்யும். அதனால் உரசல் ஓரிடத்தில் தங்காமல் சுற்றிலும் பரவும்.

பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகம் உழைப்புச் சோதனைக்குத் துணை நின்றது. விமானச் சிறகின் களைப்பை அளந்தவர்கள் இதய வால்வின் களைப்பை அளந்தார்கள். இன்று ஐஎஸ்ஓ 5840 என்ற உலகத் தரவிதி, உலோக வால்வு ஒன்று 40 கோடி முறை திறந்து மூடித் தேறவேண்டும் என்கிறது. பத்தாண்டு வாழ்க்கை அது. செம்மறி ஆடுகளிலும் வால்வு வைத்துப் பார்க்கப்பட்டது.

1990 டிசம்பர் 6. ஸ்ரீ சித்திரா நிலையத்தில் ஒரு நோயாளியின் இதயத்துக்குள் அந்த வால்வு முதன்முதலாகத் தைக்கப்பட்டது. மார்பை மூடியபின் அது துடித்தது.

பல மருத்துவமனைகளில் ஆய்வு நடந்தது. தயாரிப்பைச் சென்னையின் டிடிகே குழுமம் ஏற்றது. தமிழ்ச் சமையலறைகளுக்குப் பிரெஸ்டீஜ் குக்கர் கொடுக்கும் அதே குழுமம். டிடிகே சித்ரா வால்வு இறக்குமதி வால்வைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

இங்கே முற்றும் போட்டிருக்கலாம். பொறியாளர்கள் போடவில்லை. தோற்றுப்போன டைட்டானியம் அவர்கள் மனதை விட்டுப் போகவில்லை.

• • •

திருப்பூருக்கு வாருங்கள். ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் பவர் டேபிள் வரிசை.

“ஊசி மொக்கையாயிருச்சுங்க, மாத்திக் குடுங்க” என்ற குரல் நாளுக்குப் பலமுறை கேட்கும். ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் போடும். ஊசிமுனை கொஞ்சம் மழுங்கினாலும் நூலிழையை விலக்காமல் குத்தி அறுக்கும். வெள்ளை பனியனில் தையலோரம் பொடி ஓட்டைகள் விழும். வெளிநாட்டு ஆர்டரில் அப்படி ஒரு லாட் போனால் திரும்பி வரும்.

அதற்காகவே பொன்னிற ஊசிகள் சந்தைக்கு வந்தன. ஜெர்மனியின் குரோஸ்-பெக்கர்ட் நிறுவனம் கெபெடூர் என்ற பெயரில் விற்பது அவற்றில் ஒன்று. அந்தப் பொன்னிறம் தங்க முலாம் அல்ல. டைட்டானியம் நைட்ரைடு என்ற செராமிக். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனை உள்ளே விட்டால், இரண்டும் கூடி எதிரே தொங்கும் பொருளின்மேல் படியும். சில மைக்ரான் கனம். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் வெறும் டைட்டானியக் கலவையைவிடப் பல மடங்கு கடினம். ட்ரில் பிட்டுகளுக்கு 1980-களில் பரவிய வித்தை இது.

இதே பொன்னிறப் பூச்சு திருவனந்தபுரத்தின் அடுத்த தலைமுறை வால்வின்மேல் ஏறியது. டிசி-2 என்று அதற்குப் பெயர். சட்டம் டைட்டானியக் கலவை. அதன்மேல் டைட்டானியம் நைட்ரைடு. தட்டு பழைய பாலிஎத்திலீனேதான்.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். முதலில் செராமிக் தட்டாக இருந்தது, உலோகத்தைத் தின்றது. இப்போது அதே செராமிக் இனம் உலோகத்தின் தோலாகிவிட்டது. உரசுவது இனி உலோகமல்ல, தோல். ஹேன்ஸ்-25-இன் எடையில் பாதிதான் டைட்டானியம். அதில் நிக்கல் இல்லை. எம்ஆர்ஐ படத்தையும் அவ்வளவாகக் குழப்பாது. ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியதன் நற்குணங்கள் எல்லாம் ஒரு மெல்லிய பூச்சால் திரும்பக் கிடைத்தன.

• • •

ஆபத்தும் அந்தத் தோலில்தான் இருக்கிறது.

ஊசியின் உள்ளே இருப்பது கடின எஃகு. பூச்சுக்கு அது நல்ல முதுகெலும்பு. டைட்டானியம் அதைவிட இளகியது. அதன்மேல் செராமிக் பூசுவது மெத்தைமேல் கண்ணாடித் தகடு பரப்புவது போல. மேலே அழுத்தம் விழுந்தால் மெத்தை அமுங்கும், கண்ணாடி அமுங்காது, விரியும். இடுப்பு மூட்டில் டைட்டானியக் குமிழ்களுக்கு இதே பொன்னிறப் பூச்சைப் பூசிப் பார்த்தபோது, சிலரிடமிருந்து கழற்றி எடுத்த குமிழ்களில் பூச்சு பெயர்ந்திருப்பதை 1990-களின் ஆய்வுகள் காட்டின. பெயர்ந்த செதில் வெறுமனே போவதில்லை, அடியில் இருக்கும் உலோகத்தை அரைத்துவிட்டுப் போகிறது. நீலக்கல் செய்த அதே வேலை.

இடுப்பு மூட்டில் நடந்தது வால்வில் நடந்தே தீரும் என்று இதற்குப் பொருளில்லை. மூட்டின்மேல் உடலின் எடையே ஏறுகிறது. வால்வுக் கம்பிமேல் விழுவது சிறு தட்டின் தட்டல் மட்டும், எதிரே இருப்பதும் மென்மையான பிளாஸ்டிக். இருந்தாலும், மழுங்கிய ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஊசி மாட்டலாம். இதயத்துக்குள் அந்த வசதி இல்லை. அதனால் பூச்சுக்கு முன்னால் உலோகத்தைச் சுத்தம் செய்யும் முறை, அறையின் வெப்பம், படலத்தின் கனம் ஒவ்வொன்றும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பூச்சுத் தொழிலில் இருக்கும் கொங்கு நாட்டு இளைஞர்களுக்கு நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: உங்கள் கைத்திறன் ட்ரில் பிட்டோடும் அச்சோடும் நின்றுவிட வேண்டியதில்லை. மருத்துவக் கருவிக்கான தர விதிகளைப் படியுங்கள். இந்த வேலைக்கு இன்னும் நிறையக் கைகள் தேவை.

வலியத்தான் 2024 ஜூலையில், 90 வயதில், மணிப்பாலில் காலமானார்.

• • •

வால்வின் கதையில் பூச்சுக்கு இருந்த கட்டளை ஒன்றே: எதுவும் உன்மேல் ஒட்டக் கூடாது. இரத்தம் உறையக் கூடாது, தட்டு பிடிக்கக் கூடாது, வழுக்கிக்கொண்டே இரு.

எலும்பு மருத்துவர்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். தொடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் தண்டை எலும்பு இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிமென்ட் வைத்துப் பிடிக்கவைத்தார்கள்; சிலருக்குச் சிமென்ட் தளர்ந்தது. 1985-இல் லண்டனின் ரொனால்ட் ஃபர்லாங் வேறு வழி எடுத்தார். எலும்பின் தாது எதுவோ கிட்டத்தட்ட அதையே, ஹைட்ராக்ஸிஅபடைட்டை, பிளாஸ்மா சுடரில் உருக்கி உலோகத்தின்மேல் தெளித்தார். எலும்பு அதைத் தன் இனமென்று நம்பி வந்து பற்றிக்கொண்டது.

ஆனால் அது எலும்பின் தாது. எலும்பைக் கரைக்கத் தெரிந்த உடலுக்கு இதைக் கரைக்கவும் தெரியும். அந்தப் பூச்சு ஒருநாள் கரைந்து போய்விட்டால், அதன்பின் அந்த மனிதரின் நடையைத் தாங்குவது எது?

அடுத்த வாரம் பார்ப்போம்.